அல்லிக்குளத்தில் வாங்கிய புத்தகமும் நம்மூர் வானமும்

வியாசர்பாடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எனக்கு 24 வயசு. அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் ஒரு ஆங்கில வழிகாட்டிப் புத்தகம் கிடைத்தது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு நடந்து, காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவது எப்படி என்று முழுக்கச் சொல்கிறது. கூட வர ஆள் இல்லை. காசும் அதிகம் இல்லை. புத்தகத்தை மட்டும் வைத்து இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? வட சென்னையில் ஒரு குன்றுகூட இல்லையே, எங்கே போய்ப் பழகுவது?"

பாதி முடியும் தம்பி. மீதியில் பெரும்பங்கை உங்கள் வீட்டைச் சுற்றி இருப்பவர்களே சொல்லித் தருவார்கள், அதற்கு அவர்களிடம் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டிலும் சேராமல் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் தப்பு இருக்காது. ஆனால் அதை எழுதியவர் நின்ற மண் வேறு, அவர் தலைக்கு மேல் இருந்த வானம் வேறு. எந்தப் பக்கத்தை அப்படியே நம்பலாம், எதைத் திருத்திப் படிக்க வேண்டும், எதைக் கிழித்தே போடலாம் என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். அதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

நான் தண்டையார்பேட்டை. நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் அதே அல்லிக்குளத்தில் அட்டை போன ஒரு புத்தகம் வாங்கினேன். பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு கடைகளெல்லாம் அங்கேதான் வந்தன, அது உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்து முடித்த திமிரில் நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு ஆந்திர எல்லையில் ஒரு மலைக்குப் போனேன். "சூரியன் மறைந்த பிறகும் நீண்ட நேரம் வெளிச்சம் இருக்கும், அதற்குள் கூடாரத்தைப் போட்டுவிடலாம்" என்று படித்தது மனசில் இருந்தது. அது வடக்கே, அட்சரேகை 45, 50-ல் இருப்பவர்களுக்குச் சரி. அங்கே சூரியன் சாய்வாக இறங்கும். நமக்குச் சென்னை 13 டிகிரி. இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக, கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி இறங்கும். மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் தெருவிளக்கு இல்லாத இடத்தில் கால் வைக்கும் இடம் தெரியாது. மரங்களுக்கு அடியில் அதுவும் கிடையாது. அன்றைக்கு ராத்திரி நாங்கள் ஒரு பாறை மேல் முதுகோடு முதுகாக உட்கார்ந்து விடிய விடிய கொசுவை அடித்துக்கொண்டிருந்தோம். புத்தகம் பைக்குள்ளேதான் இருந்தது. டார்ச்சை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

அதிலிருந்து எனக்கு ஒரே கணக்கு. மதியம் மூன்று மணிக்கு நடையை நிறுத்திவிட வேண்டும். நாலரைக்குள் தங்குமிடம் தயார். பேச்சே கிடையாது.

வானத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகம் அதிகம் சறுக்குவது அங்கேதான். கைக்கடிகாரத்தை வைத்துத் தெற்கு கண்டுபிடிக்கும் வித்தை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். மணி முள்ளைச் சூரியன் பக்கம் திருப்பு, அதற்கும் பன்னிரண்டுக்கும் நடுவே தெற்கு என்பார்கள். உச்சி வேளையில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும் ஊர்களுக்கு அது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் மதியச் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும், நட்ட கழிக்கு நிழலே இருக்காது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். கத்திரி வெயிலில் அந்த வித்தையை நம்பி நடந்தால் திசையே தலைகீழாகிவிடும்.

அதற்குப் பதில் நிழல்குச்சி முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். சமதரையில் ஒரு கழியை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். இருபது முப்பது நிமிஷம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. இது நம்மூருக்கு நன்றாகவே பொருந்தும். மொட்டை மாடியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கலாம், வற்றல் காயப்போடுகிற இடத்தைக் கொஞ்சம் ஒதுக்கிக் கேளுங்கள்.

துருவ நட்சத்திரமும் அப்படித்தான். எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில் அது தெரியும். நமக்கு வெறும் 13. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அகலம் சுமார் 10 டிகிரி, ஆக அடிவானத்தில் இருந்து ஒன்றேகால் முஷ்டி உயரம். ஒரு புளியமரம் போதும், மறைத்துவிடும். மலைச்சரிவு எதிரே இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தப் புத்தகத்துக்குக் கிடைக்காத சில வசதிகள் நமக்கு உண்டு. டிசம்பரில் இரவு சாப்பிட்டுவிட்டு வந்தால் வரிசையாக மூன்று நட்சத்திரம் கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும், ஓரியனின் இடுப்புப் பட்டை என்பார்கள். அது ஏறுவது ஏறத்தாழச் சரியான கிழக்கில், இறங்குவது சரியான மேற்கில். மே மாத இரவில் தெற்கே தாழத் தென்சிலுவை தெரியும். இதையெல்லாம் எனக்குக் காட்டியவர் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டிய ஒரு பெரியவர். வாடை, கொண்டல், கச்சான் என்று வரும் திசைக்கு ஏற்பக் காற்றுக்கு ஒரு பெயர் வைத்துப் பேசுவார். கன்னத்தில் எந்தப் பக்கம் காற்று படுகிறது என்று கவனித்துக்கொண்டே நடப்பது அவரிடம் வந்த பழக்கம். "நைனா, போனு செத்துப்போச்சுன்னா நீயும் செத்துடுவியா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் புத்தகத்தில் நாற்பது பக்கம் ஒதுக்கியிருந்தார்கள், அவருக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

காம்பஸ் வாங்கிய முதல் வாரம் எனக்கு ஒரு பெரிய சந்தேகம் வந்தது. மாடியில் ஒரு மூலையில் காட்டுகிற வடக்கும் இன்னொரு மூலையில் காட்டுகிற வடக்கும் ஒத்துப்போகவே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்கே போகப் பார்த்தேன். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிதான் முள்ளை இழுக்கிறது என்று புரியச் சில நாள் ஆனது. தண்ணீர் டேங்கின் இரும்புச் சட்டம் வேறு பக்கத்தில். ஆகவே காம்பஸ் பழக்கம் மாடியில் வேண்டாம், கடற்கரை மணலுக்குப் போங்கள். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் விடியற்காலையில் போனால் கலங்கரை விளக்கம், புகைபோக்கி, துறைமுகக் கிரேன் என்று தூரத்தில் குறி வைக்க நிறைய உண்டு. இரண்டு அடையாளங்களின் திசைக்கோணம் எடுத்து, வரைபடத்தில் கோடு போட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் பாடத்துக்கு வட சென்னையைவிடத் தோதான இடம் கிடையாது என்பேன். செல்போன் பையிலேயே இருக்கட்டும், முடிந்த பிறகு சரிபார்க்க மட்டும் எடுங்கள். இன்னொன்று, காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிப்பது பற்றிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். அமெரிக்காவில் சில இடங்களில் அது 15 டிகிரியைத் தொடும். நமக்கு அது மிகச் சிறியது, ஒரு நாள் நடைக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

வரைபடத்தில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்த்துப் போடும் கோடுகளை உயரக்கோடு என்பார்கள். குன்று இல்லாத ஊரில் அதை எப்படிப் படிப்பது? எங்களுக்கு மேடு என்றால் கொடுங்கையூர் குப்பைமேடுதான், அதற்கு யாரும் வரைபடம் போட்டுத் தருவதில்லை. நான் செய்தது இது. பெரிய உருளைக்கிழங்கு ஒன்றைப் பாதியாக வெட்டி ஒரு கிண்ணத்தில் கவிழ்த்து வையுங்கள். விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடும் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். இன்னும் அதே அளவு ஊற்றி இன்னொரு கோடு. இப்படி மேலே வரை போட்டுவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நேர் மேலிருந்து பாருங்கள். செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கி நிற்கும், சரிவான பக்கத்தில் விலகி நிற்கும். ஓரத்தில் கத்தியால் ஒரு பள்ளம் வெட்டிவிட்டு மறுபடி செய்தால், ஓடை வரும் இடத்தில் கோடு மேட்டுப் பக்கமாக வளைந்து உள்ளே போவது தெரியும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் புத்தகத்தின் பத்துப் படங்கள் ஒரே நொடியில் விளங்கும். கிழங்கை அப்புறம் பொரியல் செய்துகொள்ளலாம், பேனா மை பட்ட தோலை மட்டும் சீவிவிடுங்கள்.

வரைபடத்துக்குச் சர்வே ஆஃப் இந்தியா போதும். 1:50,000 அளவில், அதாவது 2 சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், 20 மீட்டருக்கு ஒரு உயரக்கோடு. இணையத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்த நாட்டை அளக்கும் பெரிய வேலையே நம்மூரில்தான் தொடங்கியது. 1802-ல் லாம்டன் என்பவர் பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் அடிக்கோட்டை அளந்தார். தூரத்தை நேரமாக மாற்ற நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்ன கணக்கு உங்கள் புத்தகத்திலும் இருக்கும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. அவர் குளிர்ந்த மலையில் நடந்தவர். நம் புழுக்கத்தில், சுமையோடு, முள்காட்டில் அதை ஒன்றரை மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை என்றால் இரண்டு மடங்கு என்று வைத்தாலும் வெட்கமில்லை.

முடிச்சுகளுக்கு வருவோம். புத்தகப் படத்தைப் பார்த்து முடிச்சு போடக் கற்பது நீச்சலைத் தபாலில் படிப்பது மாதிரி. அம்புக்குறி உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று தலை சுற்றும். மணலியில் லாரி நிறுத்தும் இடங்களுக்குப் போய் ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டு, சரக்கு மேல் தார்ப்பாய் கட்டுவதைப் பாருங்கள். கயிற்றின் நடுவே ஒரு கண்ணி போட்டு, முனையைக் கொக்கியில் கொடுத்து, அந்தக் கண்ணி வழியாகவே திருப்பி இழுத்துக் கட்டுகிறார்களே, அதுதான் உங்கள் புத்தகம் கூடாரக் கயிற்றை விறைப்பாக இழுக்கச் சொல்லும் முடிச்சு. கப்பி மாதிரி வேலை செய்வதால் ஒரு ஆள் இழுப்பில் கயிறு வீணைக் கம்பி போல நிற்கும். இறுகாத, நழுவாத வளையத்துக்குக் காசிமேடு. படகைக் கட்டையில் கட்டுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள், பெயர் கேட்டால் சிரிப்பார்கள். இந்த இரண்டு முடிச்சு போதும். ஆனால் இருட்டில், ஈரக் கையில், கயிறு முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது போட வர வேண்டும். நைலான் கயிறும் அங்கேயே எடையில் வாங்கலாம்.

காசு அதிகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், கூடாரமோ விலை அதிகம். முதலில் தார்ப்பாய் ஒன்று வாங்குங்கள், மண்ணடிப் பக்கம் உங்கள் அளவுக்கே வெட்டி ஓரம் மடித்துத் தருவார்கள். ஐப்பசி மழையில் ஓர் இரவு மொட்டை மாடியில் அதைக் கட்டிக்கொண்டு அதற்குள் படுங்கள். துணி காயும் கம்பி, டேங்க் தூண், கைப்பிடிச் சுவர் என்று கட்டுவதற்கு இடம் இருக்கும். எந்தப் பக்கம் சாரல் வருகிறது, நடுவில் எங்கே தண்ணீர் குளம் கட்டித் தொங்குகிறது, கயிற்று வழியாக நீர் எப்படி உள்ளே வழிகிறது என்பதெல்லாம் அந்த ஓர் இரவில் தெரிந்துவிடும். தோற்றால் நாலு படி இறங்கி வீட்டுக்குள் போய்விடலாம், காட்டில் அந்தச் சௌகரியம் இல்லை. இடி மின்னல் இருந்தால் மட்டும் மாடி வேண்டாம். நான் மூன்றாவது தடவைதான் நனையாமல் எழுந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்து இட்லி கொடுத்தனுப்பினார்.

தார்ப்பாயோடு காட்டுக்கு மட்டும் போகாதீர்கள், அதற்குக் காரணம் பாம்பு. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடி பெரிதாக வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியலில் வயிற்றுவலி, இமை சரிவு என்று ஆரம்பிக்கும்போதுதான் சந்தேகமே வரும். அடித்தரை தைத்து, ஜிப் போட்டு முழுக்க மூடும் கூடாரம்தான் இதற்குப் பதில். வாடகைக்கும் கிடைக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் புத்தகத்தை எடுத்துப் பாம்புக்கடி அத்தியாயத்தைப் பாருங்கள். பழைய பதிப்பாக இருந்தால் கடிவாயைக் கீறு, உறிஞ்சு, மேலே இறுக்கிக் கட்டு என்று இருக்கலாம். அந்தப் பக்கத்தின் குறுக்கே பெரிய கோடு போடுங்கள். மூன்றும் கெடுதல். கடிபட்ட கை காலை அசைக்காமல் கட்டை வைத்துத் தாங்கி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போவதுதான் வைத்தியம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்து. அதற்கான விஷத்தை எடுத்துத் தருபவர்கள் நம் பக்கத்து இருளர்கள், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அவர்கள் விஷம் எடுக்கும் நிலையத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள், நாலையும் நேரில் அடையாளம் காண ஒரு மணி நேரம் போதும். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

இன்னொரு கோடு, காம்ப்ஃபயர் அத்தியாயத்துக்கு. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். கோடையில் நம் மலைகளின் புல் காகிதம் மாதிரி. நெருப்பு மேட்டை நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. தூரத்தில் புகை கண்டால் மேலே ஓடாமல் வெறும் பாறையையோ ஏற்கெனவே எரிந்து கறுத்த இடத்தையோ தேட வேண்டும். நீங்கள் தீ மூட்டவே வேண்டாம். அங்கே சமைக்கத் தேவையில்லாத சாப்பாடு கொண்டு போனால் அடுப்புச் சுமையும் மிச்சம், ரயிலில் கேஸ் குப்பி கொண்டுபோகக் கூடாது என்ற தொல்லையும் மிச்சம். புத்தகத்தில் உறையவைத்து உலர்த்திய உணவு என்று ஒன்றைப் புகழ்ந்திருப்பார்கள். நமக்கு அவல் இருக்கிறது, தண்ணீர் பட்டால் பத்து நிமிஷத்தில் சாப்பாடு. வெல்லம், பொட்டுக்கடலை, சத்துமாவு, கடலை உருண்டை, முதல் வேளைக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிசோறு. கருவாடு மட்டும் வேண்டாம். என் நண்பன் ஒருவன் ஆசையாகக் கொண்டு வந்தான், ராத்திரி பூரா எங்கள் கூடாரத்தைச் சுற்றி ஏதோ மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது, என்னவென்று எட்டிப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

சுமை தூக்கப் பழகுவது உங்கள் வீட்டுப் படிக்கட்டிலேயே நடக்கும். தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. அவ்வளவு வேண்டாம், உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பை போகக் கூடாது, ஆரம்பத்தில் அதிலும் பாதி. தண்ணீர் பாட்டில்களை அடுக்கி எடையை ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குங்கள், வாரம் நாலு நாள். கொத்தவால்சாவடிப் பக்கம் மூட்டை தூக்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள், பாரம் முதுகெலும்புக்கு ஒட்டியே இருக்கும், ஒரு விரற்கடைகூட விலகாது. பையிலும் அதே சூத்திரம்தான்: கனமானது முதுகை ஒட்டி நடுவில், படுக்கை அடியில். பாரத்தின் பெரும்பகுதியை இடுப்புப் பட்டை தாங்க வேண்டும், தோள் வார் பையை விழாமல் பிடித்துக்கொள்ள மட்டும். பட்டையை வயிற்றில் கட்டாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வையுங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் கெடும் என்பதால் படி இறங்குவதையும் பயிற்சியாக எடுங்கள், லிஃப்டில் இறங்கிவிடாதீர்கள்.

பருத்தி உடுத்தாதே என்று புத்தகம் பயமுறுத்தும். பனி விழும் ஊரில் நனைந்த பருத்தி ஆளைக் கொல்லும், உண்மை. நம் வெயிலில் நனைந்த பருத்தி உடம்பைக் குளிர வைக்கும், அதுவும் உண்மை. ஆனால் வியர்வையில் ஊறிய பருத்தி தொடையிடுக்கில் உரசிப் புண்ணாக்கும். நடக்கும்போது சீக்கிரம் காயும் துணி, இரவுக்கு உலர்ந்த உடை ஒரு செட் பிளாஸ்டிக் பையில். லுங்கி ஒன்று. அது துண்டு, போர்வை, திரை, தண்ணீர் வடிகட்டும் துணி எல்லாமும்தான். மார்கழியில் ஏலகிரி, ஜவ்வாது பக்கம் ராத்திரிக் குளிர் நம்மூர் ஆட்களை நடுங்க வைத்துவிடும், ஆகவே ஒரு ஸ்வெட்டரும்.

தண்ணீர் நமக்கு ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் வேண்டும். ஓடைத் தண்ணீரை வடிகட்டிவிட்டு, கொதிநிலை வந்து ஒரு நிமிஷம் விட்டால் போதும். அடுப்பு இல்லை என்றால் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி காத்திருக்க வேண்டும். வியர்வை கொட்டி ஆள் தளர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. காலைக்கடனுக்கு நீர்நிலையில் இருந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி. கூடாரமும் அதே தூரம் தள்ளித்தான், ஓடைப் படுகையில் ஒருபோதும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் மேலே எங்கோ பெய்தது இங்கே திடீரென்று வந்து நிற்கும்.

புத்தகத்தில் இல்லவே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவிருக்கட்டும். புதர்க்காட்டில் புல் மேல் உட்கார்ந்துவிட்டு வந்து ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். கண்ணுக்கே தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்துப் பரவுவது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற இடங்களில் சிகரெட் சுட்ட மாதிரி வலிக்காத கருப்புத் தழும்பு ஒன்று இருக்கும், சில சமயம் இருக்காது. சீக்கிரம் பிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே சரியாகிவிடும், விட்டால் உயிருக்கு ஆபத்து. "காட்டுக்குப் போயிருந்தேன்" என்று டாக்டரிடம் நீங்களே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வியாசர்பாடியில் இருந்து வரும் ஆளிடம் அவர் அதைக் கேட்க நினைக்க மாட்டார்.

விலங்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்துக் கரடி சாப்பாட்டுப் பையைத் தேடி வரும். நம்மூரில் சாப்பாட்டைத் திருடுவது குரங்கு. நம் கரடி திடீரென்று எதிரே கண்டால்தான் பாயும், அதனால் காலை மாலை வேளையில் பேசிக்கொண்டே நடங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் யானை இருக்கும் காட்டில் புத்தக அறிவு எதுவும் செல்லாது, வனத்துறையின் வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும்.

எங்கே போவது? காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், கூடாரம் போடுவது அதற்கு மேல். புத்தகத்தில் "பிடித்த இடத்தில் தங்கு" என்று இருப்பது அவர்கள் நாட்டுச் சட்டப்படி. நம் வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்தது, ட்ரெக் தமிழ்நாடு என்று இணையத்தில் பதிவு செய்யலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், அந்தந்த ஊர் ஆட்களே வழிகாட்டி. காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள், பார்த்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். நமக்குக் கிட்டத்தில் இருப்பது பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் குடியம் குகைகள். முதல் நடைக்கு அதைத்தான் சொல்வேன். பக்கத்து அதிராம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது கணித்திருக்கிறார்கள். புத்தகமே இல்லாமல் வெளியில் தங்கத் தெரிந்தவர்கள் நடந்த மண் அது.

கொஞ்சம் பழகிய பிறகு கொருக்குப்பேட்டையில் சூலூர்பேட்டை மின்ரயில் பிடித்து, ஆந்திர எல்லையைத் தாண்டி இருக்கும் தடா என்ற ஊருக்குப் போங்கள். அங்கிருந்து உப்பலமடுகு அருவிப் பக்கம் பகல் நடை மட்டும், வனத்துறைச் சாவடியில் கேட்டுவிட்டு. அங்கே பாறைக் குட்டைகள் பார்க்கத்தான் சின்னது, ஆழம் தெரியாமல் இறங்கி மூழ்கியவர்கள் நிறையப் பேர். கடற்கரையில் வளர்ந்தவன் எனக்கு நீச்சல் தெரியும் என்று இறங்காதீர்கள், பாசி பிடித்த பாறையில் ஏறி வரக் கை பிடிப்பு இருக்காது. இரவு தங்குவதற்கு ஜவ்வாது, ஏலகிரி மாதிரி இடங்களில் கூடாரம் போட அனுமதிக்கும் தனியார் தோட்டங்களில் ஆரம்பியுங்கள். காசு கொஞ்சம் ஆகும். கூப்பிடு தூரத்தில் ஆள் இருப்பார்கள், முதல் இரவுக்கு அது வேண்டும். கூட வர ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, வனத்துறை நடையில் சந்திப்பவர்களிலேயே ஒருவர் கிடைப்பார். அதுவரை தனியாக இரவு வேண்டாம்.

கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்: எந்த ரயில், எந்த மலை, எந்தப் பாதை, யார் வழிகாட்டி, எத்தனை மணிக்குத் திரும்பி போன் செய்வேன், செய்யாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். என் புத்தகத்திலும் இது இருந்தது, அதை மட்டும் ஒரு வார்த்தை மாற்றாமல் எடுத்துக்கொண்டேன். எங்கள் அம்மா அந்தத் தாளை தினசரி காலண்டர் ஆணியில் குத்தி வைப்பார். மாலை ஆறு மணிக்கு நான் கூப்பிடுவேன் என்று எழுதியிருந்தால் நாலரைக்கே அவர் கூப்பிட ஆரம்பித்துவிடுவார், ஆகவே நேரத்தைக் கொஞ்சம் தள்ளியே எழுதுங்கள்.